5 கோடியே 17 லட்சம் சாட்சிகள்

போன வாரம் மதியம் சாப்பிடும்போது எங்க டீம்ல ஒரு பையன் கேட்டான். "அண்ணே, லீவு நாள்ல ஒருத்தருக்கு வெப்சைட் பண்ணிக் குடுத்தேன். 18,000 ரூபா கையில குடுத்தாரு. இதையெல்லாம் இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன்ல காட்டணுமா?"

மேஜையில உக்காந்திருந்த ஏழு பேரும் ஒரே குரல்ல சொன்ன பதில்: "யாருக்குடா தெரியப் போகுது?"

அந்த ஏழுல நானும் ஒருத்தன். பெரிய யோக்கியன் மாதிரி இங்க பேச வரலை. ஆனா சாயங்காலம் பஸ்ல வரும்போது அந்த "யாருக்குடா தெரியப் போகுது" மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருந்தது. அப்ப ஞாபகம் வந்தவர்தான் ரிச்சர்ட் ஹேட்ச். அமெரிக்காவில் ரியாலிட்டி டிவி மூலமா பிரபலமானவங்க வரிசையில கிட்டத்தட்ட முதல் ஆள். அவர் ரிட்டர்ன்ல காட்டாம விட்டது 18,000 ரூபாய் இல்லீங்க. 10 லட்சம் டாலர். அந்தப் பணத்தை அவர் ஜெயிச்சதை ஒரே ராத்திரியில் டிவியில் பார்த்தவங்க 5 கோடியே 17 லட்சம் பேர்!

யாருக்குத் தெரியப் போகுதாம்?

இந்தக் கதையை அமெரிக்காவில் ஜோக்காத்தான் சொல்வாங்க. நானும் முதல்ல சிரிச்சேன். விவரமா படிக்கப் படிக்க சிரிப்பு குறைஞ்சுகிட்டே வந்தது. ஏன்னு சொல்றேன்.

*

முதல்ல அந்த நிகழ்ச்சி. இன்னிக்கு பிக் பாஸ் பார்த்துட்டு ராத்திரி பூரா சண்டை போடுற நமக்கு அந்தக் காலத்துப் புதுமை புரியுறது கொஞ்சம் கஷ்டம். 1997ல் சுவீடன்ல "எக்ஸ்பெடிஷன் ராபின்சன்" என்று ஒரு நிகழ்ச்சி வந்தது. ஐடியா, சார்லி பார்சன்ஸ் என்கிற பிரிட்டிஷ்காரரோடது. சாதாரண ஜனங்களை ஒரு தீவுல கொண்டுபோய் விட்டுடுவாங்க. அவங்களே ஓட்டுப் போட்டு ஒவ்வொருத்தரா வெளியே தள்ளணும். கடைசியா நிக்கிறவர் ஜெயிச்சவர். இதை மார்க் பர்னெட் என்ற தயாரிப்பாளர் அமெரிக்காவுக்குக் கொண்டு போனார். சிபிஎஸ் சேனல்ல "சர்வைவர்" என்ற பேர்ல 2000 மே 31ல ஆரம்பிச்சது.

இடம், மலேசியாவோட சபா மாநிலத்துக்குப் பக்கத்துல இருக்கிற புலாவ் திகா தீவு. 16 பேர், 39 நாள், பரிசு 10 லட்சம் டாலர். ஷூட்டிங் முழுக்க 2000 மார்ச், ஏப்ரலிலேயே முடிஞ்சு போச்சு. யார் ஜெயிச்சாங்கன்னு கடைசி ஓட்டு எண்ணினதும் அந்தத் தீவுலயேதான். டிவியில வந்தது ஆகஸ்ட் 23. அதாவது ஜெயிச்ச மனுஷன் நாலு மாசம் வாயைத் திறக்காம இருந்திருக்கார். ரகசியம் காக்கறதுல நம்மாளு சாதாரண ஆள் இல்லை என்பதை இங்கேயே குறிச்சு வெச்சுக்குங்க.

ரிச்சர்ட் ஹேட்ச் பிறந்தது 1961ல். ஊர், ரோட் ஐலண்ட் மாநிலத்துல நியூபோர்ட். கொஞ்ச காலம் ராணுவத்துல இருந்தவர். பிறகு கம்பெனி ஆட்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கிற வேலை. நம்ம ஆபீஸ்லயும் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து "டீம் வொர்க்னா என்ன?"ன்னு கேட்டுட்டு, பலூன் ஊதச் சொல்லிட்டு, மதியம் பிரியாணி சாப்பிட்டுப் போவாங்களே, அந்த மாதிரி. மனுஷங்களைப் படிக்கிறதுதான் அவர் தொழில். தன்பால் ஈர்ப்பு உள்ளவர், அதை மறைக்காம இருந்தவர். 2000த்துல, அதுவும் டிவியில, இது சின்ன விஷயம் இல்லை.

தீவுக்குப் போன 16 பேர்ல பாதிப்பேர் இதை ஒரு சாகசப் பிக்னிக்னு நினைச்சாங்க. யாரு நல்லா உழைக்கிறாங்களோ, யாரு நல்லவங்களோ அவங்க இருக்கட்டும், மத்தவங்க போகட்டும் என்கிற மாதிரி ஓட்டுப் போட்டாங்க. ஹேட்ச் மட்டும்தான் இது ஒரு ஓட்டு எண்ணிக்கை விளையாட்டுனு மொதல்லயே பிடிச்சுக்கிட்டார். நாலு பேரைச் சேர்த்து ஒரு கூட்டணி போட்டார். லாரி ஓட்டுற சூ ஹாக், ஆத்துல படகு வழிகாட்டியா இருந்த இளம்பெண் கெல்லி விகிள்ஸ்வொர்த், 72 வயசான முன்னாள் கடற்படை கமாண்டோ ரூடி போய்ஷ். நாலு பேரும் ஒரே ஆளுக்கு எதிரா ஓட்டுப் போட்டா போதும். எதிர் அணி ஒவ்வொருத்தரா காலி. அவங்களுக்கு என்ன நடக்குதுன்னு புரியறதுக்குள்ள கதை முடிஞ்சு போச்சு. இன்னிக்கு உலகம் பூரா எல்லா ரியாலிட்டி ஷோவுலயும் "குரூப்பா சேர்ந்து ஆடறாங்க"னு திட்டறோமே, அதுக்கு அமெரிக்க டிவியில பிள்ளையார் சுழி போட்டது இவர்தான்.

கடைசி மூணு பேர் நின்ன அன்னிக்கு இவர் செஞ்சதுதான் என்னை அசத்தின விஷயம். ஹேட்ச், ரூடி, கெல்லி மூணு பேரும் ஒரு கம்பத்து மேல கையை வெச்சுக்கிட்டு நிக்கணும். கையை எடுத்தா அவுட். கடைசி வரைக்கும் நிக்கிறவர், மத்த ரெண்டு பேர்ல யாரை ஃபைனலுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னு முடிவு பண்ணுவார். ஹேட்ச் கொஞ்ச நேரத்துல தானாவே கையை எடுத்துட்டு இறங்கிட்டார்!

ஏன்? கணக்குப் போட்டுப் பாருங்க. ஹேட்ச் ஜெயிச்சு ரூடியைக் கூட்டிட்டுப் போனா, ரூடியை எல்லாருக்கும் பிடிக்கும், ஜூரி ஓட்டு ரூடிக்கு. கெல்லியைக் கூட்டிட்டுப் போனா, கூட்டாளி ரூடிக்குத் துரோகம் பண்ணின மாதிரி, ரூடியோட ஜூரி ஓட்டு போச்சு. ஆனா ஹேட்ச் தோத்துட்டா? ரூடி ஜெயிச்சா வாக்குக் கொடுத்தபடி ஹேட்ச்சைத்தான் கூட்டிட்டுப் போவார். கெல்லி ஜெயிச்சாலும், ரூடியோட மோதினா தோத்துடுவோம்னு பயந்து ஹேட்ச்சைத்தான் கூட்டிட்டுப் போவாங்க. ஆக, தோக்கறதுதான் ஜெயிக்கிற வழி. அப்படியேதான் நடந்தது. கெல்லி ஜெயிச்சாங்க, ரூடியை வெளியே அனுப்பினாங்க.

ஃபைனல் ஜூரியில ஏழு பேர். சூ ஹாக் எழுந்து, ஒருத்தி எலி, ஒருத்தன் பாம்புன்னு ரெண்டு பேரையும் கிழிகிழின்னு கிழிச்சுட்டு, பாம்புக்கே ஓட்டுப் போட்டாங்க. கிரெக் என்ற பையன், 1ல இருந்து 10க்குள்ள ஒரு நம்பர் நினைச்சிருக்கேன், சொல்லுங்கன்னார். கெல்லி 3 என்றார், ஹேட்ச் 7 என்றார். கிரெக் நினைச்சது 9. ஹேட்ச்சுக்கு ஓட்டு. முடிவு 4-3. ஒரு நம்பர்ல 10 லட்சம் டாலர் கை மாறின கதை இது.

*

இனிமேதான் நம்ம மேட்டர்.

நம்ம நாட்டுல டிவி போட்டியில ஜெயிச்சா 30 சதவீதம் வரியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மீதியைக் கையில கொடுப்பாங்க. 2011ல் பீகார் சுஷில் குமார் "கோன் பனேகா குரோர்பதி"யில 5 கோடி ஜெயிச்சப்ப திரையில 5 கோடின்னு மின்னுச்சு. கைக்கு வந்தது கிட்டத்தட்ட மூணரை கோடிதான். ஏமாத்தணும்னு நினைச்சாலும் முடியாது. உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே சர்க்கார் தன் பங்கை எடுத்துட்டுப் போயிடும்.

அமெரிக்காவில் அப்படி இல்லை. லாட்டரிப் பரிசு மாதிரி சிலதுல வரி பிடிப்பாங்க. ஆனா இந்த மாதிரிப் போட்டியில ஜெயிச்ச அமெரிக்கருக்கு பொதுவா முழு செக்கையும் கொடுத்துடுவாங்க. கூடவே 1099ன்னு ஒரு படிவம். அதோட ஒரு காப்பி வரித்துறைக்கும் போகும். அடுத்த ஏப்ரல்ல ரிட்டர்ன் போடும்போது அந்தப் பணத்தைச் சம்பளம் மாதிரியே வருமானமாக் காட்டி வரி கட்டணும். 2000த்துல உச்ச விகிதம் 39.6 சதவீதம். (பரிசுன்னா சலுகை உண்டா? நோபல் பரிசுக்கே கிடையாதுங்க. 1986 வரைக்கும் நோபல் மாதிரி விருதுகளுக்கு விலக்கு இருந்தது. அந்த வருஷம் சட்டத்தை மாத்திட்டாங்க. பரிசை அப்படியே தர்மத்துக்குக் கொடுத்தால் ஒழிய வரி உண்டு.)

இதுல ஒரு வேடிக்கை. ஹேட்ச்சுக்கு ஒன்பது மாசம் முன்னாடி, 1999 நவம்பர்ல, "ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்" நிகழ்ச்சியில அமெரிக்காவில் முதல் ஆளா 10 லட்சம் டாலர் ஜெயிச்சவர் ஜான் கார்ப்பென்டர். அவர் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? வருமான வரித்துறை! அவருக்கு வரி கட்ட யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லைன்னு நினைக்கிறேன் :-)

எனக்குத் தோணுறது என்னன்னா, இந்த முழு செக் கொடுக்கிற முறையிலேயே ஒரு பொறி இருக்கு. பேங்க் கணக்குல 10 லட்சம் வந்து உக்காந்துடுச்சு. அது பூரா நம்மளுதுன்னுதான் மனசு நினைக்கும். அப்புறம் அதுல ரெண்டு, மூணு லட்சத்தை நாமளே எடுத்து எழுதிக் கொடுக்கணும்னா, இழந்த மாதிரி இருக்கும். டிடிஎஸ் பிடிக்கிற நமக்கு அந்த வலியே தெரியாது. கண்ணால பார்க்காத காசுக்கு யார் அழுவா? நம்மூர் சம்பளக்காரங்க நேர்மையா வரி கட்டறதா பெருமைப்படறோமே, அதுல பாதிப் பெருமை டிடிஎஸ்ஸுக்குத்தான் சேரணும். நம்ம பையனோட 18,000 ரூபாய்தான் நிஜமான பரீட்சை. ஏன்னா அது முழுசா கைக்கு வந்தது.

சரி, ஹேட்ச் என்ன பண்ணினார்? ஒரு ஆடிட்டரம்மாகிட்ட போனார். அவங்க 2000ஆம் வருஷத்து ரிட்டர்னைப் பரிசுப் பணத்தையும் சேர்த்துத் தயார் பண்ணினாங்க. கட்ட வேண்டியது சுமார் 2 லட்சத்து 34 ஆயிரம் டாலர்னு வந்தது. இந்தப் பரிசுப் பணம் இல்லைன்னா ரிட்டர்ன் எப்படி இருக்கும்னும் ஒரு நகல் தயாராச்சு. அதுல கட்ட வேண்டியது எதுவும் இல்லை, நாலாயிரத்துச் சொச்சம் டாலர் ரீஃபண்ட்!

அவர் தாக்கல் செஞ்சது ரெண்டாவது நகலை.

இந்த இடத்துலதான் எனக்குச் சிரிப்பு நின்னது. "மறந்துட்டேன்", "தெரியலை" என்பதுக்கெல்லாம் இங்க இடமே இல்லை. ரெண்டு தாளும் அவர் முன்னாடி இருந்திருக்கு. ஒண்ணுல 2 லட்சத்து 34 ஆயிரம் போகும், இன்னொண்ணுல 4 ஆயிரம் வரும். நாம எல்லாருமே ஏதோ ஒரு அளவுல அந்த ரெண்டு தாளையும் பார்த்திருக்கோம், இல்லையா?

அதோட நிக்கலை. 2001ல் பாஸ்டன்ல ஒரு ரேடியோ நிகழ்ச்சியைச் சேர்ந்து நடத்தினார். அந்தச் சம்பளம் சுமார் 3 லட்சத்து 27 ஆயிரம் டாலர். நியூபோர்ட்ல வீட்டு வாடகை 28 ஆயிரம் டாலர். இதுவும் கணக்குல வரலை. ஒரு தடவை தைரியம் வந்துட்டா ரெண்டாவது தடவை சுலபம் போல.

*

2005 ஜனவரியில் அரசாங்கம் வழக்குப் போட்டது. முதல்ல ஹேட்ச் குற்றத்தை ஒத்துக்கறதா ஒப்பந்தம் பேசி முடிச்சிருந்தார். அப்படியே ஒத்துக்கிட்டிருந்தா கதை வேற மாதிரிப் போயிருக்கும். ஆனா மார்ச்ல பின்வாங்கிட்டார். நான் நிரபராதி, கோர்ட்ல பார்த்துக்கறேன்னுட்டார். செப்டம்பர்ல அரசாங்கம் இன்னும் பெரிசா 10 குற்றச்சாட்டுகளோட வந்தது. அவர் நடத்தின "ஹொரைசன் பவுண்ட்" என்ற அறக்கட்டளைக்கு வந்த பணத்தை சொந்தச் செலவுக்கு எடுத்துக்கிட்டார் என்பதும் அதுல சேர்த்தி.

2006 ஜனவரி. ப்ராவிடன்ஸ் நகரத்து ஃபெடரல் கோர்ட். மறுபடியும் ஒரு ஜூரி!

அரசுத் தரப்பு ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினாங்க. வரி கட்டறது ஜெயிச்சவர் பொறுப்புன்னு அதுல தெளிவா இருந்தது. ஹேட்ச்சோட வக்கீல், இவர் உலகத்துலயே மோசமா கணக்கு எழுதுற ஆள், ஏமாத்தணும்னு எண்ணம் இல்லைன்னு வாதாடினார். அமெரிக்கச் சட்டத்துல இது முக்கியமான பாயிண்ட். வரியைத் தப்பாப் போட்டாலே ஜெயில் கிடையாது. வேணும்னே செஞ்சார்னு நிரூபிக்கணும். அஞ்சு கோடிப் பேர் பார்த்த பணத்தை யாராவது வேணும்னே மறைப்பானா என்பது கேக்க நல்ல வாதம்தான். ஆனா அந்த ரெண்டு தாள் இருக்கே!

நடுவுல ஒரு பெரிய குண்டு வெடிச்சது. ஜூரி வெளியே இருந்தப்ப, வக்கீல் நீதிபதிகிட்ட ஒரு கதை சொன்னார். தீவுல இருந்தப்ப நிகழ்ச்சி ஆட்கள் சில போட்டியாளர்களுக்குத் திருட்டுத்தனமா சாப்பாடு கிடைக்க வழி பண்ணினாங்களாம். அதை ஹேட்ச் பிடிச்சுட்டாராம். அதை வெளியே சொல்லாம இருந்தா, ஜெயிச்சால் வரியை நாங்களே கட்டிடறோம்னு தயாரிப்பாளர்கள் சொன்னாங்களாம். பேப்பர்ல எல்லாம் தலைப்புச் செய்தி. சினிமா மாதிரி இருந்தது. அப்புறம் ஹேட்ச்சே சாட்சிக் கூண்டுல ஏறினார். எல்லாரும் காதைத் தீட்டிக்கிட்டுக் காத்திருந்தாங்க. அவரோட வக்கீல் அந்தக் கேள்வியை அவர்கிட்ட கேக்கவே இல்லை!

ஜனவரி 25ல் தீர்ப்பு. அறக்கட்டளைப் பணம் சம்பந்தமான மோசடிக் குற்றச்சாட்டுகள் ஏழுலயும் நிரபராதி. இதையும் சொல்லணும், ஏன்னா ஜோக் சொல்றவங்க இதைச் சொல்றதே இல்லை. வரி சம்பந்தப்பட்ட மூணுல குற்றவாளி. நீதிபதி எர்னஸ்ட் டோரஸ், இவர் நாட்டை விட்டு ஓடிடக்கூடும்னு சொல்லி அங்கேயே, அப்பவே காவல்ல எடுக்கச் சொல்லிட்டார்.

மே மாசம் தண்டனை. 51 மாசம். நாலே கால் வருஷம். இதுல நீதிபதி தெளிவா சொன்ன ஒரு விஷயம், சாட்சிக் கூண்டுல ஏறி பொய் சொன்னதால தண்டனை கூடியிருக்கு என்பது. வெளியே வந்த பிறகு 3 வருஷம் கண்காணிப்பு. அந்த 2000, 2001 ரிட்டர்னைத் திருத்திப் போடணும், வரியைக் கட்டணும்.

தீவுல பொய் சொன்னதுக்குப் பரிசு 10 லட்சம் டாலர். கோர்ட்ல சொன்ன பொய்க்குக் கூடுதல் சிறை. ஒரே திறமைதான், இடம்தான் வேற. தீவுல எதிர்ல இருந்தவங்க பசியில கிடந்த மனுஷங்க. அவங்க மனசைப் படிக்கலாம், முகத்தைப் பார்த்து அடுத்த நகர்வைச் சொல்லலாம். வரித்துறைக்கு முகமே கிடையாது. அங்க இருக்கிறது 1099 படிவமும், அதோட ஒத்துப் பார்க்கிற கம்ப்யூட்டரும்தான். நாங்க எழுதுற மாதிரி ரெண்டு வரி புரோகிராம்தான் அது. இந்த எண்ணும் அந்த எண்ணும் ஒண்ணா இல்லையா? இல்லைன்னா கொடியைத் தூக்கு. அதுகிட்ட எந்தக் கூட்டணியும் போட முடியாது. மூணு அடி முன்னாடி யோசிச்சு கம்பத்துல இருந்து கையை எடுத்த அதே மூளைக்கு இது தோணலையே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறலை.

*

2008ல் அப்பீலும் தள்ளுபடி. 2009 மே மாசம் சிறையில இருந்து வீட்டுக் காவலுக்கு மாத்தினாங்க. நியூபோர்ட்ல அக்கா, தங்கச்சி வீட்டுல இருந்து மிச்சக் காலத்தை முடிச்சிருக்கலாம். ஆகஸ்ட்ல டிவி பேட்டிகள் கொடுத்தார். தன் மேல நடந்தது அநியாயம், தன்னோட பாலின விருப்பம்தான் காரணம்ங்கிற மாதிரி பேசினார். பேட்டி வந்த கையோட மறுபடி பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. அக்டோபர்லதான் விட்டாங்க.

முடிஞ்சுதா? இல்லை. கண்காணிப்புக் காலத்துல அந்தப் பழைய ரிட்டர்ன்களைத் திருத்திப் போடணும் என்பதுதானே முக்கியமான நிபந்தனை? அதைச் செய்யவே இல்லை. வரியையும் தீர்க்கலை. வட்டியும் அபராதமும் குட்டி போட்டுக்கிட்டே போச்சு. 2011 ஜனவரியில் நீதிபதி வில்லியம் ஸ்மித் முன்னாடி நிறுத்தினாங்க. இன்னும் 9 மாசம் சிறை. அந்த மார்ச்ல டொனால்ட் டிரம்ப் நடத்தின "செலிப்ரிட்டி அப்ரென்டிஸ்" ஒளிபரப்பு ஆரம்பிக்குது, அதுல போட்டியாளர் ஹேட்ச். ஒரு வாரம் கழிச்சு, அதே மார்ச்ல, ஹேட்ச் சிறைக்குப் போறார். டிவியில கோட்டு சூட்டோட ஒரு ஹேட்ச், உள்ள இன்னொரு ஹேட்ச். 2011 டிசம்பர்லதான் வெளிய வந்தார்.

2020ல் சர்வைவரோட 40ஆவது சீசன். பழைய ஜெயிச்சவங்களை மட்டும் கூப்பிட்டு, 20 லட்சம் டாலர் பரிசோட நடத்தினாங்க. 20 பேர். அந்த விளையாட்டையே கண்டுபிடிச்ச மனுஷன் அதுல இல்லை. 2024ல் "ஹவுஸ் ஆஃப் வில்லன்ஸ்" என்று ஒரு நிகழ்ச்சி. ரியாலிட்டி டிவியில் வில்லன்னு பேர் எடுத்தவங்களுக்கு மட்டும். அதுல இருந்தார். 24 வருஷம் கழிச்சும் அவருக்குக் கிடைச்ச வேலை, அந்த 39 நாள் மனுஷனாவே திரும்பத் திரும்ப நடிக்கிறதுதான்.

*

கடைசியா ஒரு கணக்கு. ஆடிட்டரம்மா போட்ட முதல் தாளை அப்படியே தாக்கல் செஞ்சிருந்தா 2 லட்சத்து 34 ஆயிரம் போயிருக்கும். மாநில வரி அது இதுன்னு இன்னும் கொஞ்சம் போயிருக்கட்டும். கையில ஆறு லட்சம் டாலருக்கு மேல மிஞ்சியிருக்கும். ரேடியோ வேலை கையில, நாடு பூரா தெரிஞ்ச முகம், 39 வயசு. நியூபோர்ட் கடற்கரையில நிம்மதியா உக்காந்திருக்கலாம். அதுக்குப் பதிலா மூணு வருஷத்துக்கு மேல ஒரே மூச்சுல சிறை, அப்புறம் ரெண்டு தடவை. அவருக்கு ஒரு தத்துப் பிள்ளை உண்டு. அந்தப் பையன் வளர்ற வருஷங்கள் எந்த ரிட்டர்ன்லயும் வராது.

"சரியான தண்டனை"ன்னு ஒரு பக்கம் தோணுது. பெரிய கம்பெனிக்காரங்க கோடிக்கணக்குல ஏமாத்திட்டு அபராதத்தோட தப்பிக்கிறப்ப, டிவியில முகம் தெரிஞ்ச ஒருத்தரை மட்டும் இப்படிப் போட்டுத் தாளிச்சது எல்லாருக்கும் பயம் காட்டறதுக்கா என்றும் தோணுது. ரெண்டுமே உண்மையா இருக்கலாம். ஆனா ஒவ்வொரு திருப்பத்துலயும் அவருக்கு ஒரு வாசல் திறந்தே இருந்தது என்பதை மறுக்க முடியலை. முதல் தாளைப் போட்டிருக்கலாம். ஒப்பந்தத்தை ஏத்துக்கிட்டிருக்கலாம். கூண்டுல உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெளிய வந்ததும் ரிட்டர்னைத் திருத்தியிருக்கலாம். அன்னிக்குத் தீவுல, சில சமயம் கையை எடுத்துட்டு இறங்கறதுதான் ஜெயிக்கிற வழின்னு உலகத்துக்கே சொல்லிக் கொடுத்தவர், அதுக்கப்புறம் ஒரு தடவைகூட கையை எடுக்கவே இல்லை.

மறுநாள் அந்தப் பையன்கிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். முழுசா கேட்டுட்டு, "அண்ணே, அவருக்கு 10 லட்சம் டாலர், எனக்கு 18,000 ரூபா. கம்ப்யூட்டர் என்னையெல்லாம் கண்டுபிடிக்குமா?"ன்னான்.

கண்டுபிடிக்காதுடா. அது எனக்கும் தெரியும். ஆனா ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தவன்னு ஒரு சாட்சி இருக்கான் இல்லையா, அவன் எங்கேயும் போக மாட்டான்.

காட்டப் போறானா இல்லையான்னு அவன் சொல்லலை. நானும் கேக்கலை. எனக்கு வேற வேலை இருந்தது. ரெண்டு வருஷம் முன்னாடி நானும் ஒரு ஜவுளிக் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன்...